அம்மாயிக்குச் சொன்ன துருக்கிக் கதை

பிப்ரவரி 4

அம்மாயிக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள். டாக்டர் ஒரு வாரம் டிவி வேண்டாம் என்றார்; மாமா அதை ஒரு மாதம் ஆக்கிவிட்டார். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோபிப் பக்கம் வந்து சேர்ந்தேன். ஏழு மணி ஆனால் அம்மாயி கருப்புக் கண்ணாடியோடு ஆசாரத்தில் உட்கார்ந்து, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"செல்லுல என்ன கண்ணு பாக்கறே? மூஞ்சியே சரியில்லை."

துருக்கி சீரியல். 'அஷ்க்-இ மெம்னு', அதாவது தடுக்கப்பட்ட காதல். ஹாலித் ஸியா உஷக்லிகில் 1899-1900இல் பத்திரிகையில் தொடராக எழுதிய நாவல். 1975இல் அரசுத் தொலைக்காட்சி ஆறே பகுதிகளில் முடித்தது. நான் பார்ப்பது 2008இல் கனால் டி சேனல் மறுபடி எடுத்தது, 79 பகுதிகள், ஒவ்வொன்றும் சினிமா நீளம். இதையெல்லாம் அம்மாயியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "ஒரு பெரிய பண்ணையக்காரர், பொண்டாட்டி தவறிட்டாங்க, ரெண்டு குழந்தைங்க" என்று ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 5

இஸ்தான்புல்லில் பாஸ்போரஸ் ஜலசந்திக் கரையில் இருக்கும் பங்களா, தடப்பள்ளி வாய்க்காலோரத் தொட்டிக்கட்டு வீடாகிவிட்டது. அத்னான் 'பெரியவர்'. அவரைக் கட்டிக்கொண்டு வரும் இளம்பெண் பிஹ்தேர் 'சின்னவ'. அவள் அம்மா ஃபிர்தெவ்ஸுக்கே அத்னான் மேல் ஒரு கண் இருந்தது என்றதும் அம்மாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆத்தாளும் மகளும் ஒரே மாப்பிள்ளைக்கா!"

அப்புறம் பெஹ்லுல். சின்னவளுக்கும் அவனுக்கும்தான் விவகாரம். திரையில் கீழே ஓடும் ஆங்கில வரிகளில் அவன் பெரியவருக்கு 'நெஃப்யூ'. அம்மாயிக்கு அது போதவில்லை. அண்ணன் மகனா, அக்கா மகனா? அது தெரிந்தால்தான் கதை மேற்கொண்டு நகரும். காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். அவன் பெரியவரை 'அம்ஜா' என்கிறான். அப்பாவோடு பிறந்தவரைக் கூப்பிடும் சொல். தாய்மாமனுக்குத் துருக்கியில் வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலம் அமுக்கிவிட்டதைத் துருக்கி நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறது.

"அப்பப் பெரியப்பன் மொறை. அவளுக்கு இவன் மகனாகோணும்" என்றாள் அம்மாயி. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிப்ரவரி 8

மஞ்சள் வேகவைத்துக் களத்தில் கொட்டியாயிற்று. விரலி ஒருபக்கம், கிழங்கு ஒருபக்கம். நாள் முழுக்க வெயில். கதை இல்லை.

பிப்ரவரி 11

டிரைவர் பெஷிர் வந்துவிட்டான். பெரியவர் மகள் நிஹால் மேல் அவனுக்கு உயிர். வெளியே சொல்ல முடியாது. சின்னவளும் பெஹ்லுலும் பண்ணுவது எல்லாம் அவனுக்குத் தெரியும். அதையும் சொல்ல முடியாது. காசநோய் வேறு.

இன்றைக்குக் கதையில் பெரிய சண்டை இருந்தது. ஃபிர்தெவ்ஸ் பேசும் பேச்சுக்கே ஒரு மணி நேரம் உட்காரலாம், அந்த அம்மா பார்க்கிற பார்வை அப்படி. அம்மாயி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த டிரைவர் பையன் சோறு உண்டானா?"

சீரியலில் அது வரவில்லை. "உண்டான்" என்றேன்.

பிப்ரவரி 13

"அவன் சொல்ல மாட்டான் பாரு. எத்தனை வந்தாலும் சொல்ல மாட்டான்." காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், இதைத்தான் சொன்னாள். ராத்திரி கதை வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 14

இதை எழுதலாமா என்று அம்மாயியிடமே கேட்டேன். "பேரையும் ஊரையும் போடாதே, அவ்வளவுதான்."

அம்மாயிக்கு ஒரு அக்கா இருந்தது எனக்குத் தெரியும். கொள்ளேகால் பக்கம் கட்டிக்கொடுத்தது, வராதது, யாரும் போகாதது. அதற்கு மேல் தெரியாது.

அம்மாயிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கரும்பாலை ஓட்ட வந்தவன் ஒருத்தன், வேறு ஆளுங்க. ஆலை ஓடி முடிந்தும் அவன் ஊருக்குப் போகவில்லை. கொப்பரைக் கொட்டகைக்குப் பின்னால் அக்காவின் கண்ணாடி வளையல், பச்சை, ரெண்டு துண்டாக உடைந்து கிடந்ததை அம்மாயி எடுத்துப் பாவாடையில் முடிந்து வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில் அந்தியூர்த் தேர் வந்தது. குதிரைச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போ என்று அழுதிருக்கிறாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

"அந்தக் கோவத்துல அய்யன்கிட்டப் போயி முடிச்சை அவுத்துக் காட்டீட்டேன்."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அக்காவுக்குக் கல்யாணம். இணைச்சீர் எல்லாம் குறையில்லாமல் நடந்ததாம்.

"அந்த ஆலைக்காரர்?"

"ராவோட ராவா ஊருக்கு அனுப்பிச்சுட்டாங்க."

"அனுப்பினாங்களா, அம்மாயி?"

கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"மாடு மேய்க்க ஒரு பையன் இருந்தான். அவன்தான் சொல்லியிருப்பான்னு அக்கா நெனச்சுட்டா. சாகற மட்டும் அப்பிடித்தான் நெனச்சிருந்தா. அந்தப் பையனைக் கட்டுத்தறிக்குள்ளயே வரவேண்டாம்னுட்டாங்க. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்."

நான் என்ன சொல்ல? மருந்து விடும் நேரமும் தாண்டிவிட்டது.

பிப்ரவரி 18

மஞ்சள் காய்ந்துவிட்டது, ரெண்டு விரலியை எடுத்து ஒடித்தால் சத்தம் கேட்கிறது. நாளைக்கு மெருகு போட மிஷின் வருகிறது.

மத்தியானம் 79ஆம் பகுதி பார்த்து முடித்தேன். 2010 ஜூன் 24இல் முடிந்த சீரியல், முடிவைச் சொல்லிவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். நிஹாலுக்கும் பெஹ்லுலுக்கும் கல்யாணம் நடக்க வேண்டிய நாள். நோய் முற்றிய பெஷிர் எல்லாவற்றையும் அத்னானிடம் சொல்லிவிடுகிறான். நாவலிலும் அவன்தான் சொல்கிறான். பிஹ்தேர் துப்பாக்கியைத் தன் நெஞ்சுக்கே திருப்பிக்கொள்கிறாள். நூறு வருடம் கழித்து எடுத்தவர்கள் கார், செல்போன், உடுப்பு எல்லாம் மாற்றினார்கள். இதை மாற்றவில்லை.

ராத்திரி அம்மாயி தானாகவே கூப்பிட்டாள். கல்யாணப் பந்தலில் இருந்து ஆரம்பித்தேன். சின்னவள் செத்ததற்கு அம்மாயி "ப்ச்" என்றாள், அவ்வளவுதான்.

"பெரியவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"அவரே கண்டுபிடிச்சுட்டார், அம்மாயி. கழுத்துச் சங்கிலியை எங்கயோ பார்த்திருக்கார்."

"டிரைவர் பையன்?"

"அவன் வாயைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டான்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நல்லாத்தான் கதையை மாத்தறே" என்றாள். அப்புறம் தலையைச் சாய்த்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்துக் காட்டினாள், மருந்துக்கு.