கைக்கு எவ்ளோ வரும்?

சித்தி பையன் நேத்து நைட்டு போன் பண்ணான். அண்ணா ஸ்ரீசிட்டில இன்டர்வியூ வந்துருக்கு, டிப்ளமா மெக்கானிக்கல்தான் கேக்குறாங்க, உள்ள என்ன கேப்பாங்கன்னு. எனக்கு 2023ல நான் போனது ஞாபகம் வந்துடுச்சு. எங்க ஊரு ஆரம்பாக்கம், சென்னைலேர்ந்து கூடூர் போற ரயில் லைன்ல தமிழ்நாட்டோட கடைசி ஸ்டேஷன், அடுத்தது தடா, ஆந்திரா, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை அது பக்கத்துலதான். ஒரே ஒரு ஸ்டேஷன்தான், ஆனா கம்பெனி கேட்ல செக்யூரிட்டி தெலுங்குல பேசுனதுல பாதி புரியல.

தரம் பாக்குற க்யூசி சார் ஒரு வெர்னியர் அளவுகோலை கைல குடுத்து லீஸ்ட் கவுன்ட், அதாவது அதுல அளக்க முடியுற மிகச் சின்ன அளவு, என்னன்னாரு, 0.02 மில்லிமீட்டர்னேன், மைக்ரோமீட்டருக்குன்னாரு, 0.01னேன், சரி இந்த புஷ்ஷை அளன்னாரு, அங்கதான் சொதப்பிட்டேன், ஸீரோ எரர், அதாவது மூடி வச்சா சரியா ஸீரோ காட்டுதான்னு, பாக்காமயே அளந்துட்டேன். சிரிச்சாரு, ஒண்ணும் சொல்லல. அடுத்து ஹெச்ஆர் மேடம் "தெலுகு வச்சா?"ன்னாங்க, தெலுங்கு தெரியுமான்னு. "கொஞ்செம்"னேன். நம்ம கொஞ்சம்தான் அது, வாய லேசா கோணிக்கணும் அவ்ளோதான் :)

ஆஃபர் லெட்டர்ல மாசம் 18,500. அம்மா தெரு முழுக்க சொல்லிட்டாங்க. மொத மாசம் அக்கவுன்ட்ல வந்தது 12,847.

பேஸ்லிப்ப வச்சுகிட்டு முழிச்சிட்டு இருந்தேன், லைன்ல இருந்த சீனியர் அண்ணன்தான் டீ டைம்ல ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்தாரு. தம்பி 18,500ங்கிறது சிடிசி, அதாவது உனக்காக கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவு, கம்பெனி அவங்க பங்குக்கு கட்டுற பிஎஃப், இஎஸ்ஐ, அப்புறம் போனஸ், கிராஜுவிட்டி எல்லாத்தையும் போட்டு ஊதுன கணக்கு, உன் கிராஸ், அதாவது பிடித்தம் போறதுக்கு முந்தின சம்பளம், 15,000தான், அதுலயும் பேசிக் 12,000க்கு 12 சதவீதம் பிஎஃப் 1,440, கிராஸ்ல 0.75 சதவீதம் இஎஸ்ஐ 113, பஸ்ஸுக்கு 600ன்னு. வேலைய விடும்போது தர்ற கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் தாக்குப் பிடிக்கணுமாம். ஓவர்டைம் பாத்து 15,000 தாண்டுற மாசம் தொழில் வரி 150 வேற, அதுவும் ஆந்திராவுக்கு! குடியிருக்கறது இங்க, வரி அங்க.

2024 எலெக்‌ஷன்ல இன்னொரு கூத்து. நமக்கு ஓட்டு ஏப்ரல் 19, அவங்களுக்கு மே 13. கம்பெனி நோட்டீஸ்ல மே 13க்கு மட்டும்தான் லீவு. ஓட்டுப் போடுற நாளுக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, எங்க ஊர் பசங்க பதினோரு பேர் சேந்து போய் நின்னோம், அப்புறம்தான் ஏப்ரல் 19 லீவு வோட்டர் ஐடி காட்டுறவங்களுக்கு மட்டும்னு இறங்கி வந்தாங்க. மே 13 அன்னிக்கும் பிளான்ட் மூடிதான் கெடந்துச்சு, அதுல நாங்க எதுவும் கேக்கல.

இவ்ளோவும் தம்பிகிட்ட சொன்னேன். வெர்னியர் குடுத்தா மொதல்ல மூடி ஸீரோ பாரு, சம்பளம் சொன்னா கைக்கு எவ்ளோ வரும்னு வாய விட்டு கேளு, பேசிக் எவ்ளோன்னு லெட்டர்ல பாருன்னு. ம் ம்னு கேட்டுட்டு, "ணா, நைட் ஷிஃப்ட்டுக்கு கேன்டீன்ல முட்டை தருவாங்களா?"ன்னான்.

எங்க கம்பெனில புதன்கிழமை மட்டும்டான்னேன்.