மகிழ்ச்சியைப் பற்றி எழுதி 15க்கு 5 வாங்கினேன்

விருப்பப் பாடமாக நேர்மறை உளவியலை எடுத்ததற்கு ஒரே காரணம், அது சுலபமாக இருக்கும் என்ற நினைப்புதான். புள்ளியியலும் நரம்பியலும் படித்துக் களைத்திருந்த நேரம். நன்றியுணர்வு, நம்பிக்கை, கருணை... இதில் படிக்க என்ன இருக்கிறது, முந்தின நாள் இரவு புரட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன். முதல் உள்தேர்வில் 'மகிழ்ச்சியை உயர்த்த முடியுமா?' என்று ஒரு கேள்வி. நாலு பக்கம் உருகி உருகி எழுதினேன். 15க்கு 5. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "யார் அளந்தார்கள்? எப்படி?"

அந்த வரியை வைத்துக்கொண்டுதான் மீதிப் பாடத்தைப் படித்தேன். நீங்களும் அப்படியே படிக்கலாம். இந்தப் பாடத்தில் வரும் சொற்கள் எல்லாம் நாம் தினமும் பேசுகிற சொற்கள். அதனால் பதில் எழுதும்போது நம்மை அறியாமல் அறிவுரை எழுதத் தொடங்கிவிடுகிறோம். திருத்துபவருக்கு அறிவுரை தேவையில்லை.

மகிழ்ச்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் எட் டீனருக்கு அது வாழ்க்கையைப் பற்றிய திருப்தி, அடிக்கடி வரும் நல்ல உணர்வு, குறைவாக வரும் கெட்ட உணர்வு, இவை மூன்றும் சேர்ந்தது. திருப்தியை அளக்க அவரும் சக ஆய்வாளர்களும் 1985இல் தந்த அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கேரல் ரிஃப் 1989இல் வேறு வழியில் போனார்: தன்னை ஏற்றல், நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளும் திறன், வாழ்வின் நோக்கம், தன் வளர்ச்சி என ஆறு கூறுகள். இரண்டையும் குழப்பி எழுதினால் மதிப்பெண் போய்விடும். நல்வாழ்வை ஐந்து கூறுகளாகப் பிரிக்கும் மார்ட்டின் செலிக்மனின் பெர்மா (PERMA) மாதிரி எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், அதை விடுகிறேன்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 1978இல் ஃபிலிப் பிரிக்மனும் இன்னும் இருவரும் வெளியிட்ட லாட்டரி ஆய்வு. 'லாட்டரி அடித்தவரும் விபத்தில் கைகால் செயலிழந்தவரும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள்' என்றுதான் என் குறிப்பில் இருந்தது. நண்பர்கள் குறிப்பிலும் அப்படியே. சரி, மூலக் கட்டுரையையே பார்த்துவிடுவோம் என்று போனேன். பங்கேற்றவர்கள் லாட்டரி வென்றவர்கள் 22 பேர், ஒப்பீட்டுக்கு 22 பேர், விபத்தில் சிக்கியவர்கள் 29 பேர். 0 முதல் 5 வரையிலான அளவில், அப்போதைய மகிழ்ச்சி வென்றவர்களுக்கு 4.00, ஒப்பீட்டுக் குழுவுக்கு 3.82, விபத்தில் சிக்கியவர்களுக்கு 2.96. முதல் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, உண்மை. ஆனால் மூன்றாவது குழு தெளிவாகக் கீழேதான் இருக்கிறது. நடுப்புள்ளிக்குச் சற்று மேலே இருந்ததுதான் ஆச்சரியம், அவ்வளவே. நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது போன்ற அன்றாடச் சின்ன இன்பங்களில் வென்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவை விடக் குறைவாக மதிப்பெண் கொடுத்திருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அது யார் குறிப்பிலும் இல்லை! போதாக்குறைக்கு, ஒவ்வொருவரிடமும் ஒருமுறைதான் கேட்டிருக்கிறார்கள். எது நடந்தாலும் மனிதர் காலப்போக்கில் பழகிப்போய்ப் பழைய மகிழ்ச்சிக்கே திரும்பிவிடுவார் என்ற வாதத்தை அது எவ்வளவு தாங்கும்? இப்படி ஒரு கேள்வியைப் பதிலில் எழுதினால் திருத்துபவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை படிப்பார்.

அதேபோல் 50-10-40. சோன்யா லியுபொமிர்ஸ்கி, கென்னன் ஷெல்டன், டேவிட் ஷ்கேட் மூவரும் 2005இல் வைத்த கணக்கு. மரபணு 50, சூழ்நிலை 10, நாமாகச் செய்பவை 40 சதவீதம். 'உங்கள் மகிழ்ச்சியில் 40 சதவீதம் உங்கள் கையில்' என்று எழுதினால் தவறு. மனிதருக்கு மனிதர் மகிழ்ச்சி ஏன் வேறுபடுகிறது என்பதைப் பிரித்துச் சொல்லும் கணக்கு அது. தனி ஒருவரின் மகிழ்ச்சியைத் துண்டு போடுவதில்லை. உயரத்துக்கும் இதே கணக்குதான்: ஒரு கூட்டத்தில் உயர வேறுபாடு பெரும்பாலும் மரபால் வருகிறது என்று சொன்னால், என் முழங்கால் வரை மரபு, அப்புறம் சாப்பாடு என்றா பொருள்?

பார்பரா ஃப்ரெட்ரிக்சனைப் படிக்கும்போது 2.9013 என்ற எண் வரும். நல்ல உணர்வுக்கும் கெட்ட உணர்வுக்கும் உள்ள விகிதம் இதைத் தாண்டினால் மனிதர் செழிப்பார் என்று 2005இல் மார்சியல் லோசாடாவோடு எழுதிய கட்டுரை சொன்னது. நான்கு தசம இலக்கத்தில் மனித மனம்! பகுதிநேர முதுகலை மாணவராக இருந்த நிக் பிரவுனுக்கு அது உறுத்தியது. இயற்பியலாளர் ஆலன் சோகலையும் ஹாரிஸ் ஃப்ரீட்மனையும் சேர்த்துக்கொண்டு 2013இல் அந்தக் கணிதத்தைத் தகர்த்தார். கணித மாதிரி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நல்ல உணர்வுகள் நம் பார்வையை விரிக்கின்றன என்ற ஃப்ரெட்ரிக்சனின் அடிப்படைக் கோட்பாடு இந்த எண்ணை நம்பி நிற்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதுவது முக்கியம்.

கிறிஸ்டோபர் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் தொகுத்த 24 குணவலிமைகள்தான் பலருக்கும் தலைவலி. அவை ஆறு நற்பண்புகளின் கீழ் வரும்; எந்த நற்பண்பில் எத்தனை என்று மறந்துவிடும். ஒரு குறுக்கு வழி: அறிவு 5, துணிவு 4, மனிதநேயம் 3, நீதி 3, நிதானம் 4, தன்னைக் கடந்த நிலை 5. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் 5-4-3-3-4-5. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

பயிற்சிகள் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 2005இல் செலிக்மன் குழு இணையத்தில் சோதித்ததில், தினமும் மூன்று நல்ல நிகழ்வுகளைக் காரணத்தோடு எழுதுவதும், தன் முதன்மை வலிமையைப் புது வழியில் பயன்படுத்துவதும் ஆறு மாதம் வரை பலன் காட்டின. நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது உடனடியாகப் பெரிய ஏற்றம் தந்தது, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 'காரணத்தோடு' என்பதை விட்டுவிடாதீர்கள், பயிற்சியின் பாதி அதுதான்.

படிக்கும்போதே அந்த 24 வலிமைகளுக்கான கேள்வித்தாளையும் நிரப்பிப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியல் தானாக மனதில் ஏறும். எனக்கு ஆர்வம் முதலிடத்தில் வந்தது. சுயகட்டுப்பாடு 24ஆவது இடம். அந்த முந்தின நாள் இரவுப் படிப்புக்கு விளக்கம் அங்கே இருந்தது.