வெள்ளம் வடிந்த ஊரில் கிணற்றைக் கவனியுங்கள்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அப்படியொரு மழைக்குப் பிறகு அரிசி, போர்வை கொண்டுவர நிறைய பேர் வருவார்கள். கிணற்றுக்குத்தான் ஆள் வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் மோட்டார் போட்டு ஒட்ட இறைக்காதீர்கள். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும், உறை சரியும்.

கிருமியைக் கொல்லப் போடும் பிளீச்சிங் பவுடரின் கணக்கு: தெளிந்த தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகல வட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 12,500 லிட்டர், அதற்கு சுமார் 31 கிராம். கலங்கல் தண்ணீர் பவுடரில் உள்ள குளோரினைத் தின்றுவிடும், கூடுதலாகவே பிடிக்கும்.

பவுடரை அப்படியே கொட்டுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு, தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக நன்றாக அலசுங்கள். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அளக்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மி.கி. காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுபடியும் போடுங்கள். திறந்து கிடந்த பழைய மூட்டையில் வீரியம் இருக்காது.

தூர்வார யாரையும் சட்டென்று உள்ளே இறக்காதீர்கள், விஷவாயு இருக்கலாம். ஜெனரேட்டரைக் கிணற்று மேட்டில் வைக்கவே கூடாது. புகை உள்ளேதான் இறங்கும்.