சரணத்தில் விழுந்த ஒரு 'டிக்'

கணினியில் பாட்டுப் பதிவு. மூன்றாவது டேக். இன்று பாடியதில் அதுதான் சிறந்தது.

சரணத்தின் கடைசி வரியில், குரல் இறங்கி அடங்கும் இடத்தில், ஒரு 'டிக்'.

மைக்கைச் சந்தேகித்தேன். கேபிளை மாற்றினேன். பிறகுதான் திரையின் மூலையில் ஆன்டிவைரஸ் காட்டிய செய்தியைப் பார்த்தேன்: "ஸ்கேன் முடிந்தது. ஆபத்து எதுவும் இல்லை."

ஆபத்தே நீதானே ஐயா!

பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிள் என்று வைத்திருந்தேன். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் வீதத்தில், அது ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. அதற்குள் கணினி அடுத்த துண்டு ஒலியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பாகத் துழாவத் தொடங்கினால் ஒலி அறுந்துபோகும். மிக்ஸிங்கின்போது பஃபரை 1,024 ஆக்கிக்கொள்ளலாம். பாடும்போது முடியாது, நம் குரலே நமக்குத் தாமதமாக வந்து சேரும்.

காசு கொடுத்து வாங்கிய அந்த மென்பொருளை நீக்கிவிட்டேன். எனக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும். பாடல் பதிவுகளும் சாம்பிள் நூலகமும் (பாட்டில் சேர்க்கும் தயார் ஒலிகள்) இருக்கும் கோப்புறைகளை மட்டும் அது ஸ்கேன் செய்யாமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். பதிவிறக்கக் கோப்புறையைச் சேர்க்கவில்லை. வேண்டாதவை எல்லாம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தானே.

இணையத்தைத் துண்டித்துவிட்டால் ஆன்டிவைரஸே தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர். திருட்டு பிளகின்களை (ஒலிப்பதிவு மென்பொருளோடு சேரும் துணை நிரல்களை)ப் பென் டிரைவில் கொண்டுவந்து நீட்டுபவரும் அவரேதான்.

நான்காவது டேக்கில் 'டிக்' இல்லை.

பாட்டும் அவ்வளவு நன்றாக அமையவில்லை.