உதைக்காதா?

கால்நடை மருத்துவம் முடித்துக் குதிரைகள் பக்கம் போகப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "உதைக்காதா?"

உதைக்கும். அதனால்தான் ஊசி போடுவதற்கு முன்பே எங்கே நிற்பது என்று கற்றுக்கொண்டேன். தோள்பக்கம் நிற்கலாம், நேர் பின்னால் கூடவே கூடாது.

எனக்குப் பயம் உதையில் இல்லை, வயிற்றுவலியில். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வாயுவும் நீரும் சேர்ந்தால் இரைப்பை வெடித்தேகூடப் போகலாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் அவற்றை வெளியேற்ற வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் அதன் இதயம் 60-ஐத் தாண்டினால், நம் இதயமும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும்.

நேற்றுதான் முதல்முறையாக விலாப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்டேன். தூரத்து இடி உருள்வது போல! சத்தமே இல்லாவிட்டால்தான் கவலையாம்.

அப்புறம், புதுச் சட்டை போச்சு. மூக்கைத் துடைக்க அந்தக் குதிரைக்கு என் தோள்தான் கிடைத்தது.