திக்கித் திக்கிச் சுற்றிய கியர்பாக்ஸ்

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் மேஜைக்கு வந்தான். "மேடம், என் சிஸ்டத்துக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு வேணும். பாகமெல்லாம் சேர்ந்த அசெம்பிளியைத் திரையில சுத்தினா தொங்கித் தொங்கி நிக்குது" என்றான். பொருள் கேட்கும் இன்டென்ட் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கையோடு கொண்டுவந்திருந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. "முதல்ல உன் கான்ஃபிக்.ப்ரோவைத் திறந்து காட்டு" என்றேன். அது எங்கள் டிசைன் மென்பொருளின் அமைப்புக் கோப்பு. அவன் முழித்தான். அந்த முழியில் 1999-ஆம் வருஷத்து என்னைப் பார்த்தேன்.

அப்போது நான் ஓசூரில் இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் டிரெய்னி. ஷெட்டின் ஒரு மூலையில் கண்ணாடி கேபின், அதற்குள் ஏசி, வெளியே வரிசையாகச் செருப்புகள். உள்ளே மூன்று மெஷின்கள்: ஹெச்பி விஷுவலைஸ் சி200 இரண்டு, பி180எல் ஒன்று. மூன்றிலும் ஹெச்பியின் யூனிக்ஸ் இயங்குதளமான ஹெச்பி-யூஎக்ஸ் 10.20, அதன் மேல் முப்பரிமாண டிசைன் மென்பொருளான ப்ரோ-இ. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், சி200 என்றால் 200 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் நுழைய கம்பெனியில் இருந்த பாதிப் பேருக்கு அனுமதி கிடையாது.

பிரச்சினை புது கியர்பாக்ஸின் முழு அசெம்பிளியில் தொடங்கியது. ஹவுஸிங், ஷாஃப்ட், கியர்கள், பேரிங், சீல், போல்ட் எல்லாம் சேர்த்துத் திறந்ததும் மெஷின் மூச்சு வாங்கும். சுற்றினால் ஒரு கோணத்தில் நிற்கும், கொஞ்சம் கழித்து வேறொரு கோணத்துக்குத் தாவும். நடுவில் என்ன நடந்தது என்பது அதற்கே வெளிச்சம். இன்னும் நாலு பாகம் சேர்த்தால் மெமரி போதவில்லை என்று சொல்லி ப்ரோ-இ படுத்துவிடும். டூல் ரூம் மேஸ்திரி கண்ணாடிக்கு வெளியே நின்று, "என்ன பாப்பா, கியர்பாக்ஸ் சுத்துதா, திக்குதா?" என்று தினமும் கேட்பார். ஷாப் ஃப்ளோரில் அது பழமொழியே ஆகிவிட்டது.

எங்கள் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். சி200-இல் இருந்தது எஃப்எக்ஸ்4. அடுத்த படி எஃப்எக்ஸ்6. அதன் விலையை என் சம்பளத்தால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கணக்கை அழித்துவிட்டேன். கார்டுக்கு அனுமதி வரும்வரை என்று, முதல் கட்டமாக மெமரியை 256-லிருந்து 512 எம்பி ஆக்கினார்கள். மெஷினை விற்ற ஏஜென்சியின் ஆள் வந்து மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அன்று மாலையே ப்ரோ-இ அதே இடத்தில், அதே செய்தியோடு படுத்தது.

அதே இடத்தில் என்பதுதான் உறுத்தியது. மெமரி இரண்டு மடங்கு ஆன பிறகு கொஞ்சமாவது தள்ளிப் போய்ப் படுக்க வேண்டாமா? வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து மேனுவலைப் புரட்டினேன். கடைசியில் ஷெல்லில் (கட்டளை அடிக்கும் விண்டோவில்) வரம்புகளைக் காட்டும் யூலிமிட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், டேட்டா என்ற வரிக்கு நேரே 65536 கிலோபைட் என்று இருந்தது. கால்குலேட்டரில் 1024-ஆல் வகுத்தேன். 64 எம்பி.

விஷயம் இதுதான். ஹெச்பி-யூஎக்ஸில் மேக்ஸ்டிசைஸ் என்று ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அளவு உண்டு. ஒரு ப்ரோகிராம் தன் டேட்டாவுக்கு எவ்வளவு மெமரி கேட்கலாம் என்பதற்கு அது உச்சவரம்பு. முதலில் வரும்போது அது 64 எம்பி. ஏதோ ஒரு ப்ரோகிராம் வெறிபிடித்து எல்லா மெமரியையும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்கான வேலி. சாதாரண ப்ரோகிராமுக்கு அது தாராளம், முழு கியர்பாக்ஸைத் திறக்கும் டிசைன் மென்பொருளுக்குப் பத்தாது. மெஷினில் 512 போட்டாலும் சரி, ஒரு ஜிபி போட்டாலும் சரி, வேலியைத் தள்ளி நடும்வரை மாடு அந்த வட்டத்துக்குள்தான் மேயும்.

மேனேஜரிடம் சொன்னேன். மெஷினில் எதையும் மாற்ற அனுமதிக்கும் ரூட் பாஸ்வேர்டு அவர் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. "கெர்னலைத் தொடணுமா? மெஷின் எந்திரிக்கலைன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். பழைய கெர்னல் அப்படியே வேறு பெயரில் இருக்கும் சார், எழுந்திருக்காவிட்டால் அதை வைத்து எழுப்பலாம் என்றேன். அரை மனதாகப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்தும் போட்டார்.

சாம் என்று ஒரு நிர்வாக மெனு உண்டு. அதில் கெர்னல் பகுதிக்குப் போய், மேக்ஸ்டிசைஸை 512 எம்பி ஆக்கி, புது கெர்னல் கட்டச் சொல்லி, ரீபூட் கொடுத்தேன். மெஷின் நன்றாகவே எழுந்தது. ப்ரோ-இ மட்டும் எழவே இல்லை! முன்பாவது பாதி கியர்பாக்ஸ் வரை வந்தது, இப்போது மெனு வருவதற்கு முன்பே படுத்தது. மேனேஜர் ஒன்றும் பேசவில்லை, டைரியை மூடி டிராயருக்குள் வைத்தார்.

நான் செய்த தப்பு அற்பமானது. அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) அடித்திருந்தேன். 512 எம்பிக்கு இரண்டுக்குப் பின்னால் ஏழு சைபர் வரவேண்டும். நான் ஆறுதான் போட்டிருக்கிறேன். அது 32 எம்பி. வேலியைத் தள்ளி நடப் போனவள் பாதித் தூரம் உள்ளே இழுத்து நட்டுவிட்டேன். இன்றுவரை சைபர்களை விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.

சரி செய்த பிறகு முழு அசெம்பிளியும் திறந்தது. இரண்டு நாள் கழித்து ஸ்வாப் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) போதவில்லை என்று இன்னொரு தகராறு. ஹெச்பி-யூஎக்ஸ் ப்ரோகிராம் மெமரி கேட்கும்போதே அதற்கு ஈடாக ஸ்வாப்பில் இடம் ஒதுக்கிவைத்துவிடும், அந்த இடம் பிற்பாடு பயன்படுகிறதோ இல்லையோ. டிஸ்க்கில் சும்மா கிடந்த ஒரு பகுதியை ஸ்வாப்புக்குக் கொடுத்ததும் அடங்கியது.

ஆனால் படுப்பது நின்றதே தவிர, திக்குவது நிற்கவில்லை. கார்டு ஃபைல் மறுபடி மேஜைக்கு வந்தது.

இதில் எனக்கு வழி காட்டியது தற்செயல்தான். ஒரு நாள் சீனியர் டிசைனர் லீவு. அவர் மெஷினில் என் லாகினில் உட்கார்ந்தேன். அதே மெஷின், அதே கார்டு, அதே அசெம்பிளி. வழுக்கிக்கொண்டு சுற்றியது! மறுநாள் அவர் வந்து தன் லாகினில் திறந்தால் பழையபடி திக்கல். கை ராசி என்று நம்பும் வயதுதான் எனக்கு. ஆனாலும் பக்கத்தில் ஒரு விண்டோவில், எந்த ப்ரோகிராம் சிபியுவை எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன். என் லாகினில் சுற்றும்போது, திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் சர்வர் கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. அவர் லாகினில் சுற்றினால் எக்ஸ் சர்வர் மேலே ஏறி வந்து, ப்ரோ-இயோடு சிபியுவுக்குச் சண்டை போட்டது. அப்படியென்றால் படத்தை வரைவது கார்டு இல்லை, சிபியு.

ப்ரோ-இயின் அமைப்பெல்லாம் கான்ஃபிக்.ப்ரோ என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆப்ஷன், அதன் பக்கத்தில் மதிப்பு. இந்தக் கோப்பு ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதுதான் தலைவலி. ப்ரோ-இ நிறுவிய இடத்தில் ஒன்றைப் படிக்கும், பிறகு அவரவர் ஹோம் டைரக்டரியில், பிறகு எந்த டைரக்டரியில் இருந்து தொடங்கினோமோ அங்கே. ஒரே ஆப்ஷன் இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படித்ததுதான் செல்லும். இதற்கெல்லாம் முன்னால் படிக்கும் கான்ஃபிக்.சப் என்ற கோப்பில் எழுதியதை மட்டும் யாரும் மாற்ற முடியாது.

சீனியரின் ஹோமில் இருந்த கோப்பில் எண்பது சொச்சம் வரிகள். அவற்றுக்கு நடுவே கிராஃபிக்ஸ் என்ற ஆப்ஷனுக்கு எக்ஸ்-விண்டோஸ் என்று மதிப்பு. அங்கே ஓப்பன்ஜிஎல் என்று இருந்தால்தான் வேலை கார்டுக்குப் போகும். விசாரித்ததில், எப்போதோ திரையில் கோடுகள் சிதறித் தெரிந்திருக்கின்றன, யாரோ ஒருவர் தற்காலிகமாக மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டே போய்விட்டார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டு இரண்டு வருஷமாக மெஷினுக்குள் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினேன். சீனியர் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை சுத்திக்கிறேன்மா" என்றார்.

மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாலை ஆறுக்கு மேல் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்ஷனாக மாற்றிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

வளைந்த பரப்பு என்பது மென்பொருளுக்குள் கணிதம். கார்டுக்குக் கணிதம் தெரியாது, முக்கோணம்தான் தெரியும். பரப்பை முக்கோணங்களாக நறுக்குவது சிபியு, நறுக்கியதை வரைவது கார்டு. காய் நறுக்குவது ஒருத்தர், தாளிப்பது இன்னொருத்தர் மாதிரி. ஷேட் குவாலிட்டி என்ற எண்ணைக் கூட்டினால் காய் பொடிப்பொடியாக நறுக்கப்படும். படம் வழவழவென்று இருக்கும், இரண்டு பேருக்கும் வேலை கூடும். நிறுவும்போது அது 3. எங்கள் ஆட்கள் அழகுக்காக ஏற்றி வைத்திருந்தார்கள். திரும்ப 3-க்கே இறக்கினேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விளிம்புக் கோடுகளின் தரத்தையும் நார்மலுக்குக் கொண்டுவந்தேன். சுற்றும்போது மட்டும் சிறிய விவரங்களைக் குறைத்துக் காட்டும் எல்ஓடி ஆப்ஷனை ஆன் செய்தேன். சுற்றும்போது டேட்டம் பிளேன்கள் (வரைவதற்கான துணைத் தளங்கள்) தெரியாமல் அணைத்தேன். ஒவ்வொரு மவுஸ் அசைவையும் பதிவு செய்யும் டிரெயில் கோப்பு நெட்வொர்க்கில் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை உள்ளூர் டிஸ்க்குக்குத் திருப்பினேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு வேறிடத்தில் இருந்தது. ஹவுஸிங் முழுக்க எம்10 போல்ட்டுகள், ஏறக்குறைய எண்பது. சீனியர் அந்த போல்ட்டை நிஜ மரையோடு, சுருள் பாதையில் வடிவம் தரும் ஹெலிக்கல் ஸ்வீப் போட்டு மாடல் செய்திருந்தார். பார்க்க நகை மாதிரி இருக்கும். பாகம் ஒன்றுதான், மெமரியில் அதன் வடிவம் ஒரு முறைதான் ஏறும். ஆனால் திரையில் எண்பது தடவை வரைய வேண்டும், ஒவ்வொரு மரையும் ஆயிரக்கணக்கான முக்கோணம். அதுவும் ஹவுஸிங்குக்குள் மறைந்து, யார் கண்ணிலும் படாத மரை! போல்ட்டுகளை மட்டும் சப்ரஸ் செய்து, அதாவது தற்காலிகமாக விலக்கிவைத்து, சுற்றிப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பம்பரமாகச் சுழன்றது.

மரையை எடுத்துவிட்டு, மரைக்கு அடையாளம் மட்டும் காட்டும் காஸ்மெடிக் த்ரெட் போடலாமா அண்ணா என்று சீனியரிடம் கேட்டதுதான் தாமதம். "இது டிசைனாம்மா, பொம்மையா? மரை இல்லாத போல்ட்டை எந்தக் கடையில் விக்கிறான்?" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில், ஒரே பாகத்தின் வகைகளை வைக்கும் ஃபேமிலி டேபிளில் இரண்டு போல்ட் வைத்து சமாதானம் ஆனோம்: அசெம்பிளிக்கு மொழு மொழு போல்ட், எம்.டி. வரும் நாளிலும் கேட்டலாக் படத்துக்கும் மரை போல்ட். அதற்கு "ஃபோட்டோ போல்ட்" என்று பெயரே வந்துவிட்டது.

பி180எல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் எட்டு பிட் வண்ணம், அதாவது ஒரு நேரத்தில் 256 நிறம்தான். யாராவது நெட்ஸ்கேப்பைத் திறந்தால் அது பாதி நிறத்தை வாரிக்கொள்ளும், மாடல் திடீரென்று பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாகிவிடும். நெட்ஸ்கேப்புக்குத் தனி வண்ண அட்டவணை கொடுத்துத் திறக்க ஒரு ஆப்ஷன் உண்டு. அப்படித் திறந்தால் மவுஸ் எந்த விண்டோவில் இருக்கிறதோ அது மட்டும் ஒழுங்காகத் தெரியும், மற்றது ஹோலி பண்டிகை. அந்த மெஷினில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவர்களைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

ப்ரோ-இ இப்போது கிரியோ. யூனிக்ஸ் போய், எல்லாம் விண்டோஸ் ஆகிவிட்டது. கான்ஃபிக்.ப்ரோ மட்டும் அப்படியே இருக்கிறது, அதே பெயரில், அதே ஒரு வரிக்கு ஒரு ஆப்ஷனாக.

பையன் ஒருவழியாகத் தன் கோப்பைக் கண்டுபிடித்துத் திறந்தான். மேலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். கிராஃபிக்ஸ் என்ற ஆப்ஷன் வந்தது. ஓப்பன்ஜிஎல் இருக்க வேண்டிய இடத்தில் வின்32-ஜிடிஐ. அன்றைய எக்ஸ்-விண்டோஸுக்கு இன்றைய தம்பி, கார்டை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் சிபியுவை வைத்தே வரையும்.

"இது யார் கொடுத்த கோப்பு?" என்றேன், கொஞ்சம் குரல் உயர்த்தித்தான்.

"உங்க ஃபோல்டர்லருந்து எடுத்ததுதான் மேடம். சேர்ந்த அன்னைக்கு நீங்கதான் காப்பி பண்ணிக்கச் சொன்னீங்க."

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்த்தபோது ஓப்பன்ஜிஎல் தகராறு செய்தது, தற்காலிகமாக நான்தான் மாற்றி வைத்தேன். வரியை மாற்றி, கிரியோவை மூடித் திறந்து, சுற்றிக் காட்டினேன். பிறகு இன்டென்ட் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டான், நல்ல பையன்.