ரெண்டு டாக்ஸ்

நான் சிங்கப்பூர்ல ஒரு ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனில எச்ஆர் அட்மினா இருக்கேன். வெளிநாட்டு ஆளுங்களோட வேலை பாஸ் ரினியூவல், லீவு, டைம்ஷீட், அவங்களுக்காக கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டற லெவி, இதான் வேலை. இந்த டேபிளுக்கு என்ன அரசியல் வரப்போகுதுன்னு நினைப்பீங்க, 2021 பிப்ரவரி 1ல பர்மால, அதான் மியான்மர்ல, ராணுவம் ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் எங்க பர்மா ஆளுங்களோட ஒவ்வொரு ரினியூவல் ஃபைலும் அரசியல்தான்.

எங்க சூப்பர்வைசர் ஒருத்தர், பர்மால மண்டலேக்காரர், பெரிய ஏசி மெஷினான சில்லர் ரிப்பேர்ல கில்லாடி. 2020 அக்டோபர்ல அரை நாள் லீவு கேட்டு வந்தார், செயின்ட் மார்ட்டின்ஸ் டிரைவ்ல இருக்கற பர்மா எம்பசில ஓட்டுப் போடணும்னு. கொரோனா நேரம், மாஸ்க் போட்டுட்டு வெயில்ல அவ்ளோ நீள கியூ, போட்டுட்டு வந்து எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த எலெக்‌ஷன்ல ஆங் சான் சூச்சி கட்சி பார்லிமென்ட்ல 476 சீட்டுக்கு 396 ஜெயிச்சது. மூணு மாசத்துல எல்லாம் செல்லாதுன்னுட்டாங்க.

இங்க ரோட்ல நிக்க முடியாது. பெர்மிட் இல்லாம கூடுனா கேஸ், போராட்டத்துக்குன்னு விட்டிருக்கற ஹாங் லிம் பார்க்கும் சிட்டிசன், பிஆருக்குத்தான் (பிஆர்னா நிரந்தரவாசி). பர்மா விஷயத்துக்காக கூடாதீங்கன்னு போலீஸ் அப்பவே அறிக்கை விட்டுச்சு. பழைய ஆளுங்களுக்கு 2007 ஞாபகம் இருக்கு, ஆசியான் உச்சி மாநாட்டப்போ ஆர்ச்சர்ட் ரோட்ல கொஞ்சப் பேர் நின்னாங்க, அடுத்த வருஷம் அதுல சில பேருக்கு பாஸ் ரினியூ ஆகல. அதனால இவங்க எதிர்ப்பெல்லாம் ஃபோன்லதான், ப்ரொஃபைல் படத்துல மூணு விரல், ஞாயித்துக்கிழமை பர்மாக்காரங்க கூடற பெனின்சுலா பிளாசால மொகிங்கா நூடுல்ஸ் சாப்டுக்கிட்டே ஊர் நியூஸ். நம்ம சூப்பர்வைசரோட தங்கச்சி ஊர்ல ஸ்கூல் டீச்சர், ராணுவத்துக்குக் கீழ வேலை செய்ய மாட்டேன்னு சிடிஎம்ங்கற ஒத்துழையாமை இயக்கத்துல சேர்ந்து வேலைய விட்டவங்க. இவர்தான் மாசாமாசம் பணம் அனுப்பினார்.

அந்தப் பணத்துலயும் ராணுவ ஆட்சி கை வச்சுது. 2023 செப்டம்பர்ல ஒரு ரூல், வெளிநாட்ல வேலை பாக்கறவங்க சம்பளத்துல 25 சதவீதத்த அரசாங்கம் சொல்ற வழியிலதான் அனுப்பணும். டாலருக்கு அவங்க வச்ச ரேட் 2,100 சாட், வெளில விக்கறது அதவிட எவ்வளவோ மேல. அடுத்து வெளிநாட்டு வருமானத்துக்கு வரி, அத எம்பசில கட்டுன ரசீது இல்லேன்னா பாஸ்போர்ட் ரினியூவல் கிடையாது. பாஸ்போர்ட் இல்லேன்னா இங்க வேலை பாக்க வேண்டிய எஸ் பாஸும் இல்ல. எவ்ளோ கெட்டிக்காரத்தனமா கோத்திருக்கான் பாருங்க!

நான் வழக்கம்போல சூப்பர்வைசர்கிட்ட உங்க பாஸ்போர்ட் முடியப்போகுது, எம்பசிக்கு எப்ப போறீங்கன்னு கேட்டேன். "ஓட்டுப் போட்ட அதே கேட்டுல போயி குண்டு வாங்க காசு கட்டணுமா சிஸ்டர்?"னார். அப்புறம் ஃபோன எடுத்து ஒரு ஐநா அறிக்கையக் காட்டினார், 2023 மே மாசம் வந்தது, ஆட்சி மாறின பிறகு சிங்கப்பூர்ல இருக்கற கம்பெனிங்க வழியா 254 மில்லியன் டாலருக்கு ஆயுத சாமான் ராணுவத்துக்குப் போயிருக்குன்னு. (அரசாங்கம் விசாரிச்சது, அடுத்த வருஷ அறிக்கைல அது நல்லாவே கொறஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லணும்.) எனக்கு பதில் சொல்லத் தெரியல.

இன்னொரு பர்மா டெக்னீஷியன் பேசாம போயி அந்த வரியக் கட்டிட்டு வந்துட்டார். ரெண்டு பொண்ணு, ரெண்டும் படிக்குது. அதுலேர்ந்து இவங்க ரெண்டு பேரும் ஒரே வேன்ல ஏற மாட்டாங்க. கட்டுனவரத் துரோகின்னு எவனோ ஃபேஸ்புக்ல வேற போட்டுட்டான். எனக்கு அது பிடிக்கல. பிள்ளைங்க ஃபீஸுக்கு நிக்கற மனுசன ராணுவத்தோட சேத்து வைக்கறது என்ன நியாயம்? ஆனா கட்டாதவர் பக்கம் நியாயம் இல்லேன்னும் சொல்ல வரல, எல்லாரும் கட்டுனா ராணுவத்துக்குக் கொண்டாட்டம்தானே.

பாஸ்போர்ட்ல கொஞ்ச மாசம் இருக்கும்போதே மண்டலேக்காரர் ரிசைன் லெட்டர் கொடுத்துட்டார். ஊருக்குப் போக முடியாது, தாய்லாந்து எல்லைல மே சாட்னு ஒரு ஊர், தப்பி வந்தவங்க நிறைய பேர் அங்கதான், அங்க போறேன்னார். ஃபாரினர் வேலைய விட்டா கம்பெனி வரித்துறைக்கு ஐஆர்21னு ஒரு ஃபாரம் ஃபைல் பண்ணணும், சிங்கப்பூர் வரி கணக்கு முடியற வரைக்கும் சம்பளத்த நிறுத்தி வைக்கணும். பணம் லேட்டாகும் அண்ணான்னு தயங்கித் தயங்கி சொன்னேன். "பிடிச்சுக்கங்க, இது கட்ட வேண்டிய டாக்ஸ்"னு ஃபாரத்த முழுசா படிக்காமயே கையெழுத்துப் போட்டார். எம்பசிக்குக் கடைசி வரைக்கும் ஒரு வெள்ளி கட்டல.

அவர் இடத்துக்கு இன்னொரு பர்மா ஆள் போடலாம்னு எங்க முதலாளி சொன்னார். அதுக்குள்ள 2024ல அங்க கட்டாய ராணுவ சேவை சட்டத்த அமல்படுத்தி, மே மாசம் ஆம்பளைங்க வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பறதையும் நிறுத்திட்டாங்க, ஏஜென்ட் கைய விரிச்சுட்டார். கடைசில புதுக்கோட்டைலேர்ந்து ஒரு தம்பிய எடுத்தோம். சில்லர் வேலை அவனுக்கு சொல்லிக்கொடுக்கறது அந்த டாக்ஸ் கட்டுன டெக்னீஷியன்தான்.